பரமேறுதல் முதல் பெந்தெகொஸ்தே வரை: காத்திருப்போருக்கான நாட்குறிப்பு

29 மே 2025, வியாழன்

இன்று பரமேறுதல் திருநாள், இயேசு பரலோகத்துக்கு ஏறியதை நினைக்கும் நாள். பரிசுத்த ஆவி சீடர்மேல் இறங்கியதை நினைக்கும் பெந்தெகொஸ்தே ஜூன் 8. உயிர்த்தெழுந்த இயேசு நாற்பது நாள் சீடருக்குத் தரிசனமானார். பிறகு, எருசலேமை விட்டுப் போகாமல் பிதாவின் வாக்குத்தத்தத்துக்குக் காத்திருக்கச் சொன்னார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ‘சில நாளுக்குள்ளே’ என்றார், அவ்வளவுதான். பத்து நாள் என்று எண்ணிச் சொல்வது நாம். எருசலேமில் மேலறையில் கூடிக் காத்திருந்த சீடர்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் மழை பிடித்துவிட்டது. மார்ச்சில் சாதாரணதரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் பெறுபேறு இன்னும் வரவில்லை. வெளிநாட்டுக்குப் போன மகளின் அழைப்புக்கும், வரனுக்கும், குழந்தைக்கும் காத்திருக்கும் வீடுகள் எல்லாத் தேயிலைத் தோட்டத்திலும் உண்டு. இந்த நாட்களை அவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இனி வரும் குறிப்புகள்.

முதலில் ஒரு கொப்பி. பக்கத்தின் நடுவே கோடு போடவும். இடப்பக்கம் வேதத்தில் உள்ளதை அதிகார வசனத்தோடு எழுதவும். வலப்பக்கம் நாம் எதிர்பார்ப்பதை. ‘நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை’ (எபிரெயர் 13:5) இடப்பக்கம் சேரும். ‘ஆகஸ்டுக்குள் விசா வரும்’ வலப்பக்கம் சேரும். பெரும்பாலானோர் வலப்பக்கத்தை முதலில் நிரப்பிவிட்டு, அதற்கு ஏற்ற வசனத்தைத் தேடுகிறார்கள். ஆகஸ்டு கடந்ததும் கர்த்தர் சொன்ன சொல் தவறிவிட்டதாக மனம் உடைகிறது. அந்தத் திகதியை அவர் சொல்லவே இல்லை.

நேரம்: பீலியில் (தோட்டத்துப் பொதுத் தண்ணீர்க் குழாயில்) தண்ணீருக்கு நின்று, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) ஓடும் வீட்டில் விடியற்காலை ஜெபம் என்று திட்டம் போட்டால் மூன்றாம் நாளே நின்றுவிடும். மாலையில் கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்தபின் பதினைந்து நிமிடம். அது போதும்.

31 மே, சனி

பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது? சங்கீதம் 13. ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு தரம் வருகிறது. அடுத்த இரண்டும் விண்ணப்பம், கடைசி இரண்டும் நம்பிக்கை. முதல் இரண்டு வசனத்துக்கு ஏழெட்டு நிமிடம் கொடுங்கள். நமது ‘எதுவரைக்கும்’ எது என்று பேர் சொல்லியே கேளுங்கள். நம் கூட்டங்களில் நேரே ஆறாம் வசனத்துக்குத் தாவி, ‘பாடுவேன்’ என்று கைதட்டத் தொடங்கிவிடுகிறோம். கேள்வி உள்ளேயே தங்கி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது. தாவீது கேட்டதை நாம் கேட்டால் அவிசுவாசம் ஆகிவிடாது.

1 ஜூன், ஞாயிறு

மேலறையில் கூடியவர்கள் ஏறக்குறைய நூற்றிருபது பேர். ஜெபத்தில் தரித்திருந்தார்கள். அதோடு, பன்னிரு அப்போஸ்தலரில் யூதாஸின் இடம் காலியாக இருந்ததால் இருவரை நிறுத்திச் சீட்டுப்போட்டு மத்தியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். காத்திருந்த நாட்களிலும் செய்யவேண்டிய வேலை நடந்தது.

3 ஜூன், செவ்வாய்

எரேமியா 29:11 இல்லாத கிறிஸ்தவக் கலண்டர் அபூர்வம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில், உங்கள்மேல் என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) சுவரிலும் தொங்கும், ஆட்டோக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும். அதற்கு முந்திய வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறது பத்தாம் வசனம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருக்கப்போவதில்லை.

28ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் எல்லாரும் கேட்கச் சொன்னான். பாபிலோனுக்கு அடங்கவேண்டியதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். கூட்டம் எந்தச் சொல்லை விரும்பியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எரேமியா அப்போது வாதாடாமல் தன் வழியே போய்விட்டார். பிறகு கர்த்தருடைய வார்த்தையோடு திரும்பிவந்து, மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் என்றார். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்தான்.

இன்றும் ‘மூன்று மாதத்தில் வீடு, ஆறு மாதத்தில் கல்யாணம்’ என்று மேடையில் திகதி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். திகதி கொடுத்து, கூடவே காணிக்கையும் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அந்த எழுபது வருஷத்துக்குக் கடிதம் சொன்ன வேலை: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். விசா வரும்வரை தையல் வகுப்பில் சேராமல் இருக்கும் பிள்ளைக்கும், இடமாற்றம் கிடைக்கும் என்று கூரை ஒழுக்கை அடைக்காமல் இருக்கும் வீட்டுக்காரருக்கும் இது நேரடியாகவே பொருந்தும்.

5 ஜூன், வியாழன்

ஆபிரகாமுக்குச் சந்ததி வாக்களிக்கப்பட்டது. ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. கானானில் பத்து வருஷம் போனபின், காத்திருக்க முடியாமல் மனைவியின் அடிமைப்பெண் ஆகாரின் வழியாகப் பிள்ளை தேடினார். இஸ்மவேல் பிறந்தபோது 86. அடுத்து வேதம் சொல்லும் வயது 99. இடைப்பட்ட பதின்மூன்று வருஷத்தைப்பற்றி ஆதியாகமத்தில் ஒரு வரியும் இல்லை. ஈசாக்கு பிறந்தபோது 100. சவுல் ராஜா, பலியிட வரவேண்டிய சாமுவேல் தீர்க்கதரிசிக்காக ஏழு நாள் காத்திருந்தான். ஜனம் சிதறத் தொடங்கியதும் தானே பலியிட்டான். பலி முடிந்த வேளையில் சாமுவேல் வந்து நின்றார்.

நம் பக்கத்து ஆகார் வழிகள் தெரிந்தவைதாம்: நகையை அடகு வைத்து வெளிநாட்டு வேலை முகவருக்குப் பணம், கடனை அடைக்க இன்னொரு நுண்கடன், விசாரிக்காமல் முடித்த சம்பந்தம். அவசரத்தில் தோன்றிய முடிவை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். நம் முடிவால் பணமோ பாராட்டோ பெறாத இருவரிடம் கேளுங்கள். முகவர் என்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்க்கும்வரை ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. காரியாலயம் இழுத்தடிப்பதற்குத் ‘தேவனுடைய வேளை’ என்று பேர் வைக்கக் கூடாது. 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் இங்கே எஞ்சியிருந்தோருக்கும் கிடைத்தது, ஐம்பத்தைந்து வருஷம். அதைச் சும்மா உட்கார்ந்து பெற்றோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். லூக்கா 18இல் வரும் விதவை, அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள். இயேசு அவளை ஜெபத்துக்கே உதாரணமாகக் காட்டுகிறார். ஆகவே வீடு கட்ட ஏழு பேர்ச் (சிறு துண்டு) காணிக்கு விண்ணப்பித்தவர்கள் ஜெபியுங்கள். பிரதேச செயலகத்துக்கும் போங்கள். கொடுத்த பத்திரத்தின் பிரதி, கொடுத்த திகதி, வாங்கியவரின் பதவி மூன்றையும் வைத்திருங்கள். வைத்தியரிடம் போவதும் அப்படித்தான்.

6 ஜூன், வெள்ளி

உபவாசம். தேயிலை மலையில் வேலை உள்ள நாளில் பகல் உபவாசம் வேண்டாம். சரிவில் மழையில் சாக்கோடு நிற்கும்போது தலைசுற்றினால் விழுந்து அடிபடும். வெள்ளி இரவுச் சாப்பாட்டை மட்டும் விட்டு, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம். தண்ணீரை நிறுத்தவே கூடாது. சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால்கொடுக்கும் தாய்மார் சாப்பாட்டைத் தொடாமல் போனை விடட்டும். மிச்சமான அரிசி பக்கத்து லயத்துக்குப் போகவேண்டும். ஏசாயா 58 கேட்கிற உபவாசம் அது.

7 ஜூன், சனி

நாளை பெந்தெகொஸ்தே. ஆராதனை முடிந்ததும், இன்னும் காத்திருப்பவர் வீட்டுக்கு யாராவது போவது நல்லது. குழந்தை இல்லாத வீட்டில், அழுது ஜெபித்துப் பிள்ளை பெற்ற அன்னாள் கதையை எடுக்கவேண்டாம். அதை அவர்கள் நம்மைவிட அதிகம் வாசித்திருப்பார்கள். ‘விசுவாசம் போதாது’ என்ற பேச்சே வேண்டாம். எபிரெயர் 11 புகழ்கிற விசுவாசிகள் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே மரித்தார்கள் என்று அதே அதிகாரம் இரண்டு தரம் சொல்கிறது. கேட்டால் சங்கீதம் 13ஐச் சேர்ந்து வாசியுங்கள். அரை மணிக்குள் கிளம்புங்கள். சபையில் அவர்களுக்காகப் பேர் சொல்லி ஜெபிக்கவேண்டுமென்றால், போகுமுன் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் பேர் சொல்லாமல் ஜெபியுங்கள்.