பணிமய மாதாவுக்கு நேர்ந்த கடன், கண்ணாடிக் கோயிலில்

என் மகன் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டி. நான் சான் டியேகோவில் அந்தப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அம்மா தூத்துக்குடியில் பணிமய மாதா முன்னால். பிள்ளை பிழைத்தால் தூக்கிவந்து உன் காலடியில் கிடத்துகிறேன் என்று நேர்ச்சை. பிழைத்தான். மரியே வாழ்க! ஆனால் நீண்ட விமானப் பயணம் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

அம்மா இங்கே வந்த மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டாள். "மாதா கடனை வட்டி ஏத்தக் கூடாதுட்டி. ஊருக்கு வாரப்போ அங்கயும் போவோம். அதுவரைக்கும் இங்க ஒரு மாதா கோயில் இல்லாமலா போயிரும்?"

கலிபோர்னியாவிலேயே கார்டன் குரோவில் இருக்கிறது, கிறிஸ்து பேராலயம். தெரிந்தவர் மூலம் ஒரு பயண ஏஜென்ட் பேசினார்: 'புனிதத் தலச் சுற்றுலா', தலைக்கு 120 டாலர், பிள்ளைக்கும் சேர்த்து, எண்ணெய் பாட்டில் இலவசம். ஊரில் பேருந்து நிலையத்தில் பையைப் பிடித்து இழுப்பவர்களே பரவாயில்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேர வழி, நெரிசலில் இரண்டே முக்கால் மணி ஆனது. பிள்ளை வழியெல்லாம் அழுகை. அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையையும் ஒன்றுக்கு மூன்று முறை சொல்லி முடித்துவிட்டாள்.

இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கோயிலுக்கு எதுக்குட்டி இவ்ளோ பெரிய கார் நிறுத்துற இடம்?"

அங்கேதான் கதையே இருக்கிறது. இதைக் கட்டியது நம் கத்தோலிக்க ஆட்கள் இல்லை. ராபர்ட் ஷுல்லர் என்ற புராட்டஸ்டன்ட் போதகர். 1955ல் வீடு வீடாகக் கதவைத் தட்டி, கோயிலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர். கையில் கட்டடம் இல்லை. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற திறந்தவெளி அரங்கை ஞாயிறு காலைக்கு வாடகைக்கு எடுத்து, தின்பண்டக் கடையின் கூரைமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். வந்தவர்கள் அரங்கின் ஒலிபெருக்கியைக் கார் ஜன்னலில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். சபை வளர என்ன வேண்டும் என்று பிற்பாடு போதகர்களுக்கு வகுப்பே எடுத்தார். சில்லறை வியாபாரத்தின் விதிகளே போதும் என்று அவர் போட்ட பட்டியலில், தாராளமாகக் கார் நிறுத்த இடமும் ஒன்று! 1970ல் டிவிக்குப் போனார். 1980ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளில் இந்தக் கோயில். காரைவிட்டு இறங்காதவர்களும் பீடத்தைப் பார்க்கட்டும் என்று 90 அடிக் கதவு வைத்தார். நம் ஊரில் டிவியில் நேரம் வாங்கிப் பேசுகிறவர்கள் எங்கே பாடம் படித்தார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

2010ல் திவால். 2012ல் ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குக் கைமாறியது, விலை 5 கோடியே 75 லட்சம் டாலர். 2019ல்தான் பேராலயமாக அர்ச்சித்தார்கள். "கடை போட்டார், கடை மூடிடுச்சு" என்று நக்கலாகத்தான் சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

அப்புறம் பேச்சே வரவில்லை.

கண்ணாடிக்கு உள்பக்கம், வெயிலை மட்டுப்படுத்த, நாலு இதழ் பூ மாதிரி ஆயிரக்கணக்கில் வெள்ளைத் தகடுகள். அதற்குள் புகுந்து வரும் வெளிச்சம் பால்போல இறங்கியது. அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். "ஏட்டி, இவன் கெடந்த பெட்டி மாதிரியே இருக்கு."

பிள்ளைக்குக் கண் கூசக் கூடாதென்று நர்ஸ் பெட்டிமேல் துணி போட்டு வைப்பாள். அந்தத் துணிக்குள் எட்டிப் பார்த்தால் இதே வெளிச்சம்தான். அந்த இரண்டு மாதமும் நான் அழவில்லை. பீடத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அன்று அழுதேன். பிள்ளை என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

வெளியே லா வாங் மாதா. 1798ல் வியட்நாம் காட்டில், கொடுமைக்குப் பயந்து ஒளிந்திருந்த விசுவாசிகளுக்குக் காட்சி கொடுத்தவள். பக்கத்திலேயே வியட்நாமியர் நிறைய. அவர்கள் ஊர்ப் பெண்கள் உடுத்தும் நீண்ட அங்கியில் நிற்கிறாள். ஆனால் பக்கத்தில் போக வழியில்லை. ஒரே செல்ஃபி கூட்டம். ஒரு பெண் நாலு கோணத்தில் எடுத்து முடிக்கும்வரை அம்மா வெயிலில் நின்றாள். கடைசியில் ஒரு வியட்நாமியப் பாட்டி அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப் போனார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பிள்ளையைக் காலடியில் கிடத்தினோம், இருவருமாக.

"நம்ம மாதா மணிலாவுல இருந்து கப்பல்ல வந்தான்னு சொல்லுவாவ. இவளும் கடல் தாண்டி வந்தவதான். சொந்தக்காரங்கதான்" என்றாள் அம்மா.

கிளம்பும்போது கல்லறைத் தோட்டம் எங்கே என்று கேட்டாள். ஷுல்லரும் அவர் மனைவியும் அங்கேதான் அடக்கம் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். "அல்லேலூயா சபைக்காரருக்கு மாதா செபமா?" என்றேன். "இந்தக் கூரையப் போட்ட மனுசன்ட்டி. வாய மூடு" என்று பத்து அருள் நிறை மரியே சொன்னாள். நானும் சொன்னேன்.

மஞ்சள் துணியில் முடிந்து ஊரிலிருந்து கொண்டுவந்த 101 ரூபாயைத் திரும்பவும் உள்ளே போய் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் காரில் ஏறினாள். டாலராகப் போடலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நேந்தது ரூபாயிலட்டி."