கழிவுநீருக்கு ரிசீவர் போட்ட ஊரில் பில் கட்டியவன்

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெஃபர்சன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கழிவுநீர்த் துறைக்குக் கோர்ட் ரிசீவர் போட்டபோது நாங்கள் பர்மிங்ஹாம் பக்கம் குடியிருந்தோம். நம்மூரில் பங்காளிகள் அடித்துக்கொண்டால் தோப்பைப் பார்த்துக்கொள்ள கோர்ட் ஒருவரைப் போடுமே, அதேதான். தோப்புக்குப் பதில் பாதாளச் சாக்கடை, கடன் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல்.

கடன் வந்த வழி பெரிய கதை. கஹாபா ஆற்றில் சாக்கடை கலக்கிறது என்று வழக்கு, 1996இல் எல்லாவற்றையும் சரிசெய்வதாகக் கோர்ட்டில் ஒப்பந்தம், அதற்குக் கடன், அப்புறம் அந்தக் கடனை வட்டி ஏறி இறங்கும் பத்திரங்களாக மாற்றினார்கள், நடுவில் லஞ்சம் வேறு. 2008இல் அந்தப் பத்திரங்களுக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனங்கள் சரிந்ததும் வட்டி எகிறியது, கவுண்டியால் கட்ட முடியவில்லை. பத்திரம் வைத்திருந்தவர்கள் சார்பில் டிரஸ்டி வங்கி முதலில் ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான் போனது. கட்டண விஷயத்தில் நாங்கள் கை வைக்க முடியாது என்று அங்கே சொல்லிவிட, மாநில கோர்ட்டுக்கு வந்து ஜான் யங் என்பவரை ரிசீவராக வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு உறுத்தியது இதுதான்: நாம் ஓட்டுப் போட்ட கவுண்டி கமிஷனர்கள் கட்டணத்தை ஏற்றினால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம், ரிசீவரை என்ன செய்வது? அவர் பதில் சொல்ல வேண்டியது நீதிபதிக்கு, நமக்கு இல்லை. கட்டணத்தை நிர்ணயிக்கிற அதிகாரமும் அவரிடமே. 2011 ஜூனில் 25 சதவீதம் ஏற்ற வேண்டும் என்றார். அவரை வில்லனாக்கவும் மனம் வரவில்லை, பல வருடம் யாரும் தொடப் பயந்த கணக்கைத்தான் அவர் எடுத்துப் பேசினார்.

2011 நவம்பர் 9 அன்று கவுண்டி திவால் மனு போட்டது. 2013இல் டெட்ராய்ட் நகரம் திவால் ஆகும்வரை அமெரிக்க உள்ளாட்சிகளில் அதுதான் பெரிய திவால். 2012 ஜனவரியில் திவால் நீதிபதி தாமஸ் பென்னட், நிர்வாகம் மறுபடியும் கவுண்டிக்கே என்று தீர்ப்பளித்தார், ரிசீவர் ஆட்டம் அதோடு முடிந்தது. அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு, கொஞ்ச நாள்தான்.

அந்த வருடக் கட்டண விசாரணைக்குப் போய் உட்கார்ந்தேன். நிபுணர்கள் அட்டவணை அட்டவணையாகப் பேசினார்கள். ஒரு வயதான அம்மா தன் பில்லை விரித்துப் பிடித்து, வீட்டில் நான் ஒருத்திதான், இவ்வளவு தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். அங்கே சாக்கடைக்குத் தனி மீட்டர் கிடையாது, தண்ணீர் மீட்டரில் ஓடியதில் 85 சதவீதம் சாக்கடைக்குப் போனதாக வைத்துக்கொண்டு பில் போடுவார்கள். குழாய் ஒழுகினால் இரண்டு கணக்கிலும் ஏறும். தோட்டத்துக்குத் தனி மீட்டர் வைத்தால் அந்தத் தண்ணீருக்குச் சாக்கடைக் கட்டணம் இல்லை, புல்தரை பெரிதாக இருப்பவர்களுக்கு அது லாபம். நாங்கள் கழிப்பறைத் தொட்டிகளின் ரப்பர் வால்வுகளை மாற்றியதோடு சரி.

2013 டிசம்பரில் கவுண்டி திவாலிலிருந்து வெளியே வந்தது. கடன் கொடுத்தவர்கள் ஒரு பெருந்தொகையை விட்டுக்கொடுத்தார்கள், அதில் பெரும்பங்கு ஜேபி மார்கன் வங்கியுடையது. ஆனால் மிச்சத்தை அடைக்க சுமார் 178 கோடி டாலருக்குப் புதுப் பத்திரம், 2053 வரை. கட்டணம் முதல் நான்கு வருடம் ஆண்டுக்கு 7.89 சதவீதம், பிறகு 3.49 சதவீதம் ஏறும் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதாவது ரிசீவர் போனாலும் உயர்வு போகவில்லை, அதற்குக் கோர்ட் முத்திரையும் கிடைத்தது. கட்டணம் கட்டுகிற சிலர் அப்பீல் போனார்கள். பத்திரம் எல்லாம் விற்றாகிவிட்டது, இனி பிரிக்க முடியாது என்று 2018இல் மேல்முறையீட்டு கோர்ட் கதவைச் சாத்திவிட்டது.

அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் செப்டிக் டேங்கா, கவுண்டி சாக்கடையா என்று முதலில் கேளுங்கள். கவுண்டி சாக்கடை என்றால் விற்பவரிடம் ஒரு வருட பில்லாவது வாங்கிப் பாருங்கள்.