ராஜ வீதியில் இருந்து வடவள்ளிக்கு வீடு மாறினோம்

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் குடியிருந்தவர்களுக்கு வடவள்ளி என்றால், மருதமலைக்குப் போகும்போது 70ஆம் நம்பர் பஸ் ஜன்னலில் தெரிகிற ஊர், அவ்வளவுதான். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மாடியோடு ஒரு லைன் வீடு. கல்யாணமாகி நான் வந்தது அங்கேதான்; மாமாவும் அத்தையும் அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே அங்கே. ஓனரின் பிள்ளைகள் பாகம் பிரித்ததும் கீழே இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக நகைப் பட்டறைகளுக்கு விட்டார்கள். ஆசிட் புகை மாடிப்படி வழியாக ஏறி வரும். பையனுக்கு இருமல் நிற்கவே இல்லை. என் வீட்டுக்காரரும் பட்டறை வேலைக்காரர் என்பதால் புகையைக் குறை சொல்ல எங்களுக்கு வாயும் இல்லை. மாடியையும் குடோனுக்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கிளம்புவது என்று முடிவானது.

எந்தப் பக்கம் போவது என்பதில் வீட்டுக்குள் பெரிய பஞ்சாயத்து. சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் ஐடி கம்பெனிகள் வந்த பின் வாடகை எங்களுக்கு எட்டவில்லை. துடியலூர் பிடித்திருந்தது, ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலை நினைத்து அவர் பின்வாங்கினார். கோவைப்புதூர் காற்றுக்கு மயங்காதவர்கள் இல்லை. அங்கே எங்கள் கணக்குக்கு வீடு அமையவில்லை. கடைசியில் வடவள்ளி. பட்டறைக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான் வரும், பள்ளிக்கூடங்கள் நிறைய, டவுன்பஸ் உண்டு, உழவர் சந்தை உண்டு. பேரூராட்சியாக இருந்ததை 2011இல் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் குப்பை, தண்ணீர், சாக்கடை எதற்கும் மாநகராட்சியைத்தான் கேட்க வேண்டும்.

மேற்கே குடிபோகிற யாரும் முதலில் யோசிக்காத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் டவுனுக்குக் கிழக்கு பார்த்துப் போக வேண்டும், சாயங்காலம் வீட்டுக்கு மேற்கு பார்த்து வர வேண்டும். இரண்டு நேரமும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுப்பது வீடு மாற்றும் செலவிலேயே சேர்த்தி. அதேபோல, தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். பி.என்.புதூரைத் தாண்டி லாலி ரோடு சிக்னலில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால்தான் உண்மையான தூரம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனால் எல்லா ஊரும் பக்கம்தான்.

வீடு தேடுவதற்கு ஆப் எல்லாம் பார்த்தோம். ஆனால் வடவள்ளியில் பாதி வீடு கேட்டில் மாட்டின டு-லெட் அட்டையோடு சரி, வேறெங்கும் விளம்பரம் வராது. மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் சொல்லி வைத்தது புரோக்கரைவிடப் பலன் கொடுத்தது. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாச வாடகை கமிஷன்.

கேட்டைத் திறந்ததும் வருகிற கேள்விகள் கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கம்தான். "வாங்க, உக்காருங்க. சொந்த ஊரு எதுங்க? குலதெய்வம் எந்தப் பக்கமுங்க?" தண்ணீர் கொடுத்து, மரியாதை குறையாமல்தான் கேட்பார்கள். குலதெய்வம் தெரிந்தால் மற்றது தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சில வீடுகளில் பதில் சொன்ன பிறகு, "தங்கச்சி மகன் வர்றேன்னு சொல்லியிருக்கான், ரோசனை பண்ணிச் சொல்றோமுங்க" என்பார்கள். அட்டை மட்டும் அடுத்த வாரமும் கேட்டிலேயே தொங்கும். நேராகக் கேட்டு நேராக மறுத்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அத்தை அப்படி நினைக்கவில்லை. "ஊடு அவுங்களது, நாம என்ன பண்ண முடியும் அம்மிணி" என்று அடுத்த சந்துக்கு நடந்துவிட்டார். எங்களுக்கு வீடு கொடுத்த அம்மா கேட்டது வேறு கேள்வி: "பையன் செவுத்துல கிறுக்குவானா?"

இனி தண்ணீர். கோயம்புத்தூரில் வீடு பார்க்கிறவர் இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு கணக்கு. நல்ல தண்ணி என்பது குழாயில் வருகிற சிறுவாணி அணைத் தண்ணீரோ பில்லூர் அணைத் தண்ணீரோ. உப்புத் தண்ணி போர்வெல்லில் வருவது. டவுனுக்குள் சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு வேறு எதையும் ஒத்துக்கொள்ளாது, மாமா அதற்கு உயிருள்ள சாட்சி. வீட்டை முடிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை: குழாயில் எது வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். நிலத்தடித் தொட்டி எத்தனை லிட்டர், அது நல்ல தண்ணிக்கு மட்டுமா, போர் தண்ணியும் அதிலேயே விழுகிறதா. மாடிக்கும் கீழுக்கும் மோட்டார் தனியா, அந்த மோட்டாரின் கரண்ட் யார் மீட்டரில் ஓடுகிறது. இதை ஓனரிடம் கேட்டால், "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க" என்றுதான் பதில் வரும். எதிர் வீட்டு அக்காவிடம் கேளுங்கள், நேரம் நிமிஷம் உட்பட வரும். பாத்ரூம் குழாயையும் பார்த்துவிடுங்கள். வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் போர் தண்ணியின் உப்பு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். ஹீட்டர் சீக்கிரம் போகும்.

முடிந்தால் சித்திரை, வைகாசியில் வீடு பாருங்கள். சிறுவாணி அணை இருப்பது கேரளத்து மலையில். கோடையில் அணையில் மட்டம் இறங்கினால் இங்கே குழாயில் இடைவெளி கூடும். ஐப்பசி மழையில் பார்த்தால் எந்த வீட்டிலும் தண்ணீர் பஞ்சமே இருக்காது. இன்னொரு வசதியும் இருக்கிறது: பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கும், ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆக வைகாசியில் பால் காய்ச்சிவிட்டால் பள்ளிக்கும் சரி, அத்தைக்கும் சரி. தவறவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும், மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் கொஞ்சம் சட்டம் தெரிந்து வைத்திருந்தது உதவியது. தமிழ்நாட்டில் வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் உரிமைகளுக்கென்று 2017இல் போட்ட சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகை என்கிறது சட்டம். இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள், அந்தச் சந்தில்தான் ஊர் வழக்கம் வண்டி ஓட்டுகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. நாங்கள் சண்டைக்குப் போகாமல், "சட்டத்துல மூணு மாசமுன்னு இருக்குதுங்க, நாங்க அஞ்சு தர்றோம்" என்று பேசினோம். அந்த அம்மா மகனுக்குப் போன் போட்டுக் கேட்டார், ஒத்துக்கொண்டார். பெயிண்ட் செலவை யார் ஏற்பது, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அடுத்த வருஷம் வாடகை எவ்வளவு ஏறும், இந்த மூன்றையும் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சில் எல்லாரும் நல்லவர்கள்.

சாமான் ஏற்றின நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி பக்கம் பகலில் வண்டியை நிறுத்தி ஏற்ற முடியாது என்பதால் விடிவதற்கு முன் குட்டி யானை வண்டியை வரச் சொன்னோம். சந்துக்குள் அதுவும் நுழையவில்லை. பீரோவைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஆட்டுக்கல்லை விட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னதை அத்தை காதில் வாங்கவே இல்லை. நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் சாமி படமும் முதல் நாளே நல்ல நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டதால் மற்ற சாமான் எப்போது வந்தாலும் கவலையில்லை என்று அத்தை சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம்தான் இழுத்தடித்தது. மாற்றுச் சான்றிதழ் கையில் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கிற எண்ணை, பழைய பள்ளி கணினியில் விடுவித்துப் பொதுத் தொகுப்பில் போட வேண்டும், அதன் பிறகுதான் புதிய பள்ளி அதைத் தன் பட்டியலில் எடுக்க முடியும். பழைய பள்ளியில் அந்த வேலை பார்ப்பவர் விடுமுறையில் இருந்தார், பிறகு சர்வர் விடுமுறையில் இருந்தது. சான்றிதழ் வாங்குகிற அன்றே அலுவலகத்தில் உட்கார்ந்து, கணினியில் விடுவித்தாயிற்றா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

காகிதங்களில் வரிசை முக்கியம். வாடகை ஒப்பந்தம் முதலில், அதை வைத்து ஆதாரில் முகவரி, ஆதாரை வைத்து ரேஷன் கார்டு. கேஸ் இணைப்பு ஒரே நிறுவனத்துக்குள் ஏஜென்சி மாறுவதுதான், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ரேஷன் கார்டு முகவரியை உணவுத் துறையின் தளத்திலேயே மாற்ற மனுப் போடலாம். மனு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், வட்ட வழங்கல் அலுவலகத்தில் அந்த எண் இல்லாமல் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வந்து சேர்ந்த பிறகு நடந்தது இன்னொரு கதை. பையனின் இருமல் குறைந்தது உண்மை. மருதமலை அடிவாரத்துச் சாரலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் மொட்டை மாடியில் நின்றாலே தெரியும். ஆனால் அதே காற்று ஆடியில் மரக்கிளையை ஒடித்து மின்கம்பியில் போடும், கரண்ட் போகும், எப்போது வரும் என்று லைன்மேனுக்கும் தெரியாது. வாசலில் பெருக்கப் பெருக்க இலை. காயப்போட்ட வடகத்துக்கு மயில் வரும். மயில் என்றால் முருகன் வாகனம் என்று முதல் வாரம் கும்பிட்ட அத்தை, இப்போது குச்சியோடு உட்கார்ந்திருக்கிறார். தைப்பூசத்தன்று மருதமலை ரோட்டில் வண்டி எடுக்காதீர்கள், நடந்தே போய்விடலாம்.

யானையைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஊர் நடுவில் இருக்கிற எங்கள் தெருவுக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை. மலையடிவாரத்தை ஒட்டிய பகுதிகளுக்கும் பாரதியார் பல்கலைக்கழகப் பக்கமும் வருவது உண்மை. அரிசி வாசனைக்குக் கதவை உடைக்கும் என்பார்கள். அதனால் காடு தெரிகிறது, வாடகை குறைவு என்று கடைக்கோடி வீட்டை எடுப்பவர்கள், இருட்டின பிறகு வேலையில் இருந்து வருகிறவர் யார் என்று முதலில் யோசிக்க வேண்டும். எனக்குக் காடு ஜன்னலில் தெரிய வேண்டாம், பஸ் ஸ்டாப் தெரிந்தால் போதும்.

பெரியவர்களை ஊர் மாற்றி நடுவதுதான் இதில் கஷ்டமான வேலை, அதற்குப் படிவம் கிடையாது. ராஜ வீதியில் அத்தைக்கு எல்லாமே காலடியில்: பூக்காரம்மா, மருந்துக் கடை, கோனியம்மன் கோயில். மாசித் தேர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வரும். இங்கே வந்த புதிதில் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு வண்டி எடுக்க வேண்டியிருந்தது. பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, எல்லாக் கேட்டும் சாத்தியிருக்கும். "ஊரு நல்லாத்தான் இருக்குது, மனுசங்களத்தான் காணோம்" என்றார். உழவர் சந்தைதான் காப்பாற்றியது. காலையில் நேரமே போனால் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் காய் வாடாமல் கிடைக்கும். அதைவிட முக்கியம், பேச ஆள் கிடைக்கும். அரசின் சாதாரண டவுன்பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் டவுனுக்கும் தனியாகவே போய் வருகிறார். வீடு பார்க்கும்போது பெரியவர்கள் நடந்தே போகக்கூடிய ஒரு இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வாடகையில் கொஞ்சம் கூடக் கொடுத்து உள்ளே தள்ளாமல் சந்தைக்குப் பக்கமாக எடுத்தது அதற்காகத்தான்.

இப்போது என் வீட்டுக்காரர் சைட் வாங்கலாமா என்று ஆரம்பித்திருக்கிறார். நான் இன்னொரு கோடையும் இன்னொரு ஆடிக் காற்றும் வாடகை வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்கிறேன். காகித வேலையில் பாக்கி வாக்காளர் அட்டை மட்டும்தான். முகவரி மாறினால் படிவம் 8. எனக்கும் அவருக்கும் அத்தைக்கும் கொடுத்தாயிற்று. குடியிருக்கிற இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னால், "ஓட்டுப் போடவாவது ஒருக்கா அந்தப் பக்கம் போயிட்டு வர்றேன், உடுங்க கண்ணு" என்கிறார். அவருடைய படிவத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை.