அப்பாவின் நரையும் என் மூன்று வாரமும்

அப்பாவுக்கு 78 வயது நிறைந்தபோது, அவரை நேரில் இருத்தி எண்ணெய் வர்ணத்தில் உள்ளது உள்ளபடி கீற வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பின்னேரம் நான்கு மணிக்கு யன்னலால் சாய்ந்து விழும் வெயில் முகத்தின் ஒரு பாதியைத் துலக்கி மறுபாதியை நிழலில் விட்டுவிடும் என்பதால், சனி, ஞாயிறுகளில் அந்த நேரத்தையே குறித்தேன். "உயிரோட இருக்கேக்கையே மாலை போடப் படம் கீறுறியோ?" என்று கேட்டாரே ஒழிய, கதிரையில் வந்து அமர்ந்துவிட்டார்.

முதற் சிக்கல் பொய்ப்பல்லால் வந்தது. சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைபோல் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை முரசு நோகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பல் போனதும் கன்னம் குழிந்து, மேலுதடு உள்ளே மடிந்து, நாடி மூக்கை நோக்கி ஏறிவிடும். நானோ சனிக்கிழமை வாயை ஞாயிற்றுக்கிழமைக் கன்னங்களுக்கு நடுவே தீட்டிவிட்டேன். தேத்தண்ணியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "இது கொப்பர் இல்லை, உன்ர பெரியப்பா" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்து, கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகளை எடுத்துவிடச் சொன்னார் அப்பா. ஜேர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514 இல் தமது 63 வயதுத் தாயைக் கரியால் வரைந்த படத்தைப் போனில் காட்டி, நெற்றிச் சுருக்கத்தையோ கழுத்து நரம்பையோ அவர் மறைக்கவில்லை என்று விளக்கினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தவர், "பாவம் அந்த மனுசி. பெத்த பிள்ளை செய்யிற வேலையோ இது?" என்றார்.

உண்மையில் என் உயிரை வாங்கியது நரைதான். நரைத்த தலையை வெறும் வெள்ளை வர்ணத்தால் தீட்டினால் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். நிழல்பட்ட இடத்துக்கு நீலம் கலந்த சாம்பலும், வெயில்பட்ட இடத்துக்கு மஞ்சட்காவி தொட்ட வெள்ளையும் வேண்டும். காதுக்கு மேலே மயிர் மெலிந்து தோல் தெரியும் இடத்தில் இரண்டையும் ஈரம் காயுமுன் இழைக்க வேண்டும். இப்படி மூன்று வாரம் மாய்ந்து, காதோரம் மட்டும் மிஞ்சியிருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, கன்னங்கரிய தலையோடும் காது நுனியில் ஒரு மைத்துளியோடும் சலூனிலிருந்து வந்து கதிரையில் அமர்ந்தார்.

"கடைசி நாளெண்டு நீதானே சொன்னனி, அதுதான் மை அடிச்சனான்."

தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அடி வெளுத்து வரும்வரை அவரைச் சலூன் பக்கம் போகவிடாமல் அம்மாவும் நானும் முறைவைத்துக் காவல் இருக்கிறோம். அவரோ தினமும் படத்தின் முன் நின்று, "தம்பி, உந்த வெள்ளைக்கு மேலால கறுப்பிலை ஒரு பூச்சுப் பூசினால் வேலை முடிஞ்சுது" என்கிறார்.