அப்பாவின் எட்டாவது படி

ஞாயிறு காலை காப்பிக்கடையில் அப்பாவிடம் கேட்டேன். "ஒரு ஏணி இருக்கு. கீழே பூஜ்யம், மேலே பத்து. பத்துன்னா உங்களுக்கு அமையக்கூடிய ஆக நல்ல வாழ்க்கை. இப்ப எந்தப் படியில நிக்கிறீங்க?"

உலக மகிழ்ச்சி அறிக்கைக்கு நாடு நாடாகக் கேட்கப்படும் கேள்வி இது. 2024இல் சிங்கப்பூர் 30ஆவது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் முதலிடம்தான், ஆனால் தலைக்கு நம்மில் கால் பங்கு வருமானம்கூட இல்லாத கோஸ்டாரிகா 12ஆவது.

அப்பா பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங்கை ஒரு மிடறு குடித்துவிட்டு "எட்டு" என்றார். "நீ?"

ஆறு என்றேன். துறைமுகத்தில் அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வாங்குகிறவள் நான்.

1965இல் இங்கே தலைக்கு வருமானம் ஏறக்குறைய 500 அமெரிக்க டாலர். இப்போது 80,000க்கும் மேல். (பன்னாட்டு நிறுவனங்களின் லாபமும் அதில் சேர்த்திதான், அத்தனையும் நம் பைக்கு வருவதில்லை.) அப்பா வளர்ந்த கம்பத்தில் (பழைய கிராமக் குடியிருப்பு) வாளிக் கழிப்பறை. மழை பெய்தால் அங்கே போகவே பயமாம். தோ பாயோ அடுக்குமாடிப் பேட்டையில் வீடு கிடைத்த முதல் நாள், குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நாட்டில் அந்த வாளிகள் அடியோடு ஒழிந்ததே 1987இல்தான். நானோ பிறந்ததே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில். குழாயில் தண்ணீர் வந்தால் எனக்கென்ன சந்தோஷம்? என் கண் போவதெல்லாம் தோழியின் காண்டோமினியத்துக்கும், பக்கத்து வீட்டுப் பையன் போகும் துணைப்பாட வகுப்புக்கும்தான். கியாசு, அதாவது எதிலும் பின்தங்கிவிடுவோமோ என்று பயப்படுகிறவள் என்று வீட்டுக்காரர் சொல்வது சும்மா இல்லை.

ஒரு நாட்டுக்குள் பணக்காரர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருக்கலாம், ஆனால் நாடே பணக்கார நாடானால் அந்த அளவுக்கு மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 1974இல் எழுதினார் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின். மனிதர் அடுத்தவரோடு ஒப்பிட்டுத்தான் தன்னை அளக்கிறார் என்பது அவர் சொன்ன காரணம். பின்னால் வந்த பொருளியலாளர்கள் சிலர் புள்ளிவிவரத்தோடு மறுத்தார்கள். எனக்குப் பாதிதான் ஒத்துவருகிறது. அந்த வாளி போனதில் வந்த நிம்மதியைப் பணம்தானே கொடுத்தது? அதற்கப்புறம் வந்த பணம் என்ன செய்தது என்பதில்தான் சந்தேகம்.

நம் தேசிய உறுதிமொழியில்கூட மகிழ்ச்சி, வளம், முன்னேற்றம் என்றுதான் வரிசை. மகிழ்ச்சிதான் முதலில்.

"சரி, பத்துக்கு இன்னும் ரெண்டு குறையுதே, ஏன்பா?"

"முட்டி வலிக்குது. அதுக்கு மேல ஏற முடியல" என்றார்.