ஃபார்மட் செய்த கணினிக்குள் மீண்டும் வைரஸ் வந்த கதை

வீட்டுக் கணினியை ஒருவழியாகச் சுத்தம் செய்து ஓட வைத்துவிட்டேன் என்றாலும், பட்டணத்துக் கடைக்காரர் ஒருவருக்குத் தண்டமாகக் கொடுத்த 80 வெள்ளியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இருந்துகொண்டு, கணினி மெதுவானவுடன் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொந்தரவு எல்லார் வீட்டிலும் தொடங்குவது போலத்தான் தொடங்கியது. குரோமில் தேடினால் வேறு ஏதோ தேடல் பக்கம் திறந்தது. வலது மூலையில் “உங்கள் கணினியில் வைரஸ்” என்று நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்தது. இந்த மூலை அறிவிப்புகளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். எப்போதோ ஒரு தளத்துக்கு அனுமதி கொடுத்ததன் விளைவு அது; குரோமின் அமைப்பில் அறிவிப்பு அனுமதிகளை நீக்கினால் ஒழிந்தது. அந்த அறிவிப்பில் தொலைபேசி எண் இருந்தால் மட்டும் எக்காரணம் கொண்டும் அழைக்காதீர்கள். அழைத்துப் பணத்தை இழந்தவர்கள் உடனே 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். என்னை உண்மையிலேயே உறுத்தியது கணினிக்குள் இருக்கும் மின்விசிறியின் சத்தம். யாரும் தொடாதபோதும் அது இரைந்துகொண்டே இருந்தது; காரணம் பார்க்கலாம் என்று, என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன எனக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சட்டென்று அடங்கியது, மூடினால் மறுபடி இரையத் தொடங்கியது. கணினியின் உழைப்பைத் திருடி மின்நாணயம் தோண்டும், அதாவது ஈட்டும், நச்சுநிரல்களில் சில இப்படித்தான் ஆள் வந்தால் ஒளிந்துகொள்ளும் என்பது பிறகுதான் புரிந்தது.

கடைக்காரர் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ஃபார்மட் அடிச்சாப் போதும்ணே, புதுசு மாதிரி ஓடும்” என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவதைத்தான் அப்படிச் சொன்னார். கோப்புகளை எடுத்து வைக்கச் சொன்னதற்குத் தலையாட்டியவர், டெஸ்க்டாப்பில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு டவுன்லோட்ஸ் கோப்புறையை அப்படியே அழித்துவிட்டார். ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் சேர்த்து வைத்திருந்த வரலாற்றுப் பாடக் குறிப்புகள் அதோடு போயின. எந்தெந்தக் கோப்புறை வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு படி எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

சில வாரங்களில் மின்விசிறி பழையபடி இரையத் தொடங்கியது. இந்த முறை கடைக்குப் போகாமல், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான விண்டோஸ் டிஃபெண்டரின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சோதனையிலிருந்து விலக்கப்பட்டவற்றைக் காட்டும் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது: விண்டோஸ் இருக்கும் சி டிரைவ். ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை, முழு டிரைவும். திருட்டு விண்டோஸையும் திருட்டு ஆஃபிஸையும் செயல்படுத்தும் கிராக் நிரலை டிஃபெண்டர் கண்டுபிடித்து அழித்துவிடக் கூடாது என்பதற்காகக் கடைக்காரர் செய்த ஏற்பாடு அது. பூட்டு மாற்ற வந்தவர் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனதைப் போல, அதன்பின் எது உள்ளே வந்தாலும் கேட்பாரில்லாமல் போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கிராக் தேவையே இல்லை. 2017இல் விண்டோஸ் 10 ஹோம் உரிமத்தோடு வாங்கிய கணினி அது. உரிமம் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கிறது. ஹோம் பதிப்பையே மறுபடி நிறுவியிருந்தால் இணையம் கிடைத்தவுடன் தானாகச் செயல்பட்டிருக்கும். அவர் கைவசம் இருந்த புரோ பதிப்பைப் போட்டு, அதற்குக் கிராக்கும் போட்டு, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார்.

விலக்கை நீக்கியதும் டிஃபெண்டர் அடுக்கடுக்காகப் பிடித்தது. ஆனால் பிடித்தவற்றை அழித்த மறுநாளே அவை திரும்பி வந்தன. குறித்த வேளையில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் பொருளற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு பணி, கணினியில் நுழையும்போதெல்லாம் கட்டளைகளை நிறைவேற்றும் விண்டோஸின் பவர்ஷெல்லை ஓட்டி எல்லாவற்றையும் மறுபடி இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்கேன் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் அந்த இடத்தையும் ஒருமுறை பாருங்கள். அடுத்து, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டினேன். சாதாரணமாகக் கால் மணி நேரத்தில் முடிய வேண்டியது, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைக் கொண்டு பார்த்தால், வன்தட்டு மஞ்சள் எச்சரிக்கை காட்டியது. படிக்க முடியாத பகுதிகள் பெருகியிருந்தன. ஆக, கணினி மெதுவானதற்கு வைரஸ் பாதிக் காரணம்தான். சாகக் கிடக்கும் வன்தட்டின் மேல் எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அது புதுசு மாதிரி ஓடாது. இதைச் சொல்லக் கடைக்காரருக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

ஈப்போவுக்குப் போய், பழைய வன்தட்டுக்குப் பதிலாக அதைவிட வேகமான சேமிப்பகமான ஒரு எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். பொருத்துவதற்கு ஒரு திருப்புளி போதும். விண்டோஸை நிறுவும் பென்டிரைவை மட்டும் பாதித்த கணினியில் தயாரிக்காமல், அலுவலகக் கணினியில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கித் தயாரித்தேன்; பென்டிரைவ் 8 ஜிபியாவது இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு உரிமச் சாவி கேட்காமலே செயல்பட்டபோது வந்த சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். கணினியின் பொத்தானை அமுக்கிவிட்டு, அது எழும் வரை தேநீர் போடப் போகும் வழக்கம் மட்டும் வீட்டில் நின்றுபோனது.

புதிய விண்டோஸில் குரோமுக்குள் நுழைந்தவுடன், நீக்கியதாக நினைத்த நீட்சி (குரோமில் சேர்க்கும் துணை நிரல்) ஒன்று கூகுள் கணக்கின் ஒத்திசைவு வழியாகத் திரும்பி வந்தது. அதை அழித்த பிறகே தேடல் பக்கம் சரியானது. கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்தினேன். குரோமில் சேமித்த கடவுச்சொற்களையும் உள்நுழைந்த நிலையையும் சேர்த்துத் திருடும் நிரல்கள் இருப்பதால், முதலில் செய்ய வேண்டியதே இதுதான். மகளின் பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தோம். அச்சுக் கடைக் கணினிகளிலிருந்து ஒட்டிக்கொள்ளும் பழைய வியாதி அது. கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருந்தன. மறைந்த கோப்புகளையும் விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி மாற்றியதும் கிடைத்துவிட்டன. அந்த ஷார்ட்கட்டை மட்டும் யாரும் சொடுக்கிவிடாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எங்கள் கணினியின் ஏழாம் தலைமுறை ஐ5 செயலிச் சில்லை விண்டோஸ் 11 ஏற்காது என்பதால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். பழைய வன்தட்டை “சும்மாதானே கிடக்குது, கொடுங்கண்ணே” என்று கடைக்காரர் கேட்டார். வங்கிக் கணக்குச் சீட்டுகளும் அடையாள அட்டைப் படிகளும் அதில் இருப்பதால் கொடுக்கவில்லை. துளையிட்டுத்தான் எறியப் போகிறேன்.