கால்மாட்டில் செங்கல்

செப்டம்பர் 27, சனி

கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்தாயிற்று. "ஊர் உலகத்தில் யாராவது காலை உயர்த்தித் தலையைத் தாழ்த்திப் படுப்பார்களா" என்றார்கள் அத்தை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போய், ஆட்டம் காணாமல் இருக்க அட்டை மடித்து அண்டக் கொடுத்ததும் அவர்கள்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புண் ஆறவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பெரிய டாக்டர் பேனாவின் முனையால் என் புடவைக் கரையைத் தூக்கிக் காட்டினார். சுற்றிலும் மாணவர்கள். "உள்கணுக்காலுக்கு மேலே பாருங்கள், தோல் கருத்திருக்கிறது, நடுவில் புண்." என் காலைப் பற்றி அந்த அறையில் இருந்த எல்லாரிடமும் சொன்னார், என்னைத் தவிர. நான் கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு மாணவி மட்டும் பின்தங்கினாள். முதலில் கரையை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: காலின் ரத்தக் குழாய்க்குள் வால்வுகள் உண்டு, ரத்தம் மேலே போகவிடும், கீழே இறங்கவிடாது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது நடக்காது. ரத்தம் தேங்கும், குழாய் விரியும், வால்வு பழுதாகும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எதற்கு என்றும் சொன்னாள்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?"

"ஜவுளிக்கடையில், புடவை செக்‌ஷன்."

"உட்காரவே மாட்டீர்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். ஸ்டூல் கதையை அவளிடம் எங்கிருந்து தொடங்குவது?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையில் என்னோடு வேலை பார்க்கும் சின்னவள் விடுதிக்குப் போன பிறகு படம் அனுப்பினாள். கத்தரிக்கோலுக்குச் சந்தனம், மீட்டர் கோலுக்குக் குங்குமம், பில் இயந்திரத்துக்கு மாலை. எங்கள் ஸ்டூலுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள்! கும்பிடலாம் போலிருக்கிறது, உட்காரத்தான் கூடாது.

அக்டோபர் 4, சனி

தூக்கம் வரவில்லை. எழுதித் தீர்க்கிறேன்.

கடையில் நிற்பவர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-இல். செப்டம்பரில் சட்டசபையில் நிறைவேறியது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வந்தால் உட்கார்வதற்கு இருக்கை இருக்க வேண்டும். அவ்வளவுதான். கேரளத்தில் 2018-லேயே செய்துவிட்டார்கள். சும்மா வந்துவிடவில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்று தொடங்கி, வருடக்கணக்காகப் போராடினார்கள். அங்கே மிட்டாய்த் தெருவில் அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. படித்ததும் சிரித்துவிட்டேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கும் வித்தை எங்கள் மாடியில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

சட்டம் வந்த பிறகு எங்கள் செக்‌ஷனுக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம். முதல் வாரமே வாடிக்கையாளரின் கைப்பை அதில் ஏறியது. பிறகு, புடவை எடுக்க வந்து அலுத்துப்போன கணவன்மார்கள். ஆளில்லாத மத்தியான வேளையில் நான் உட்கார்ந்தால், கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் மேலே வருவார். திட்டமாட்டார். ஸ்டூலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்: "நீங்கள் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவு இல்லையா அக்கா?"

வாசலில் வணக்கம் சொல்ல ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். பட்டு எடுப்பவர்களுக்கு காபி. ஐம்பது புடவையை விரிக்க வைத்துவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போனாலும் சிரித்த முகத்தோடு வழியனுப்ப வேண்டும். செய்கிறேன், அதில் வருத்தமில்லை. விரித்துக் காட்டுவது என் தொழில், நன்றாகவே செய்வேன். ஆனால் நான் நிற்பதால் அவர்களுக்கு என்ன மரியாதை கூடுகிறது என்று இன்றுவரை விளங்கவில்லை. போன ஆடித் தள்ளுபடியில் ஒரு வயதான அம்மா, "நீயும் உட்கார்ந்து காட்டு தாயி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை" என்றார்களே. அவர்களுக்கு மரியாதை குறைந்தாற்போல் தெரியவில்லை.

வலது கால் விண்விண் என்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

இவர் இட்லி அவித்தார். கல். சாப்பிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

முதலமைச்சர் காப்பீட்டு அலுவலகம். அந்த சன்னலை யார் கட்டினார்களோ, இடுப்பு உயரத்தில் ஓர் ஓட்டை. யாராக இருந்தாலும் குனிந்து, தலையைச் சாய்த்துத்தான் பேச வேண்டும். உள்ளே இருப்பவர் கண்ணுக்கு நாள் முழுக்கக் குனிந்த தலைகள்தான் தெரியும்.

இன்று இருந்தவர் என் கால் கட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நாற்காலி இழுத்துப் போட்டார். வருமானச் சான்று பழையது, ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று புதிதாக வாங்கி வரவேண்டுமாம். மறுபடி கிராம நிர்வாக அலுவலர், மறுபடி அலைச்சல். எரிச்சல் வரவேண்டிய செய்தி. உட்காரவைத்துச் சொன்னதால் வரவில்லை. எதெது தேவை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதியும் கொடுத்தார், நல்ல கையெழுத்து.

அக்டோபர் 11, சனி

அறுவை தீபாவளிக்குப் பிறகுதானாம். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சின்னவள் போன் செய்தாள். கடையில் கூட்டம் தள்ளுகிறதாம். நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கால் மரத்துப்போய், ஸ்டூலில் இருந்த கைப்பையை எடுத்து அந்தக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். பைக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசர்தான் வந்தார். "சட்டம் இருக்கிறதாமே சார், அக்கா சொன்னார்கள்" என்றாளாம்.

என் பெயரை ஏன் இழுத்தாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் நான் இப்படிச் சொல்லியிருந்தால்? கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். போகட்டும். கூலிதான் உயரவில்லை, இவர்கள் குரலாவது உயர்கிறது.

அக்டோபர் 15, புதன்

ஸ்டூலை மாடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட்ட நேரத்தில் இடைஞ்சலாம்.

அக்டோபர் 16, வியாழன்

மேலாளரே கூப்பிட்டார். குரலில் தேன். தீபாவளி வரை மட்டும் வரமுடியுமா, பட்டில் விவரம் தெரிந்த ஆள் வேண்டும், வாடிக்கையாளர்கள் என்னைக் கேட்கிறார்களாம்.

"டாக்டர் நிற்கக் கூடாது என்கிறார் சார்."

"நிற்க வேண்டாம் அக்கா. பில் போடும் இடத்தில் நாற்காலி இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்."

"அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்?"

"அவளைப் புடவை செக்‌ஷனில் நிறுத்திக்கொள்கிறோம்."

வரமாட்டேன் என்றேன். சம்பளப் பிடித்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஸ்டூல் எங்கே என்று கேட்டேன்.

"எந்த ஸ்டூல்?" என்றார்.